பறவை வேட்டைக்காரரும் அவருடைய நாயும்: அது நட்புதானா?

கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் தம் நாயைத் தோழன் என்று சொல்கிறார்களே, அது உண்மையில் நட்பா, அல்லது நன்றாகப் பழக்கிய ஒரு கருவியின்மேல் வைக்கும் பாசமா என்பது முதலாவது. ஓர் உயிரைக் கொல்வதற்காகச் சேரும் இருவருக்கிடையே நட்பு என்ற சொல்லுக்கு இடமுண்டா என்பது இரண்டாவது. துப்பாக்கியோடு வேறு யார் வந்து அழைத்தாலும் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய்விடாதா என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விடக் கூர்மையானது என்று நினைக்கிறேன்; ஆகவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் துப்பாக்கி பிடித்தவன் அல்லன். மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தபோது, என்னுடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவரோடு ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அவருடைய பிரிட்டனி வகை நாய்க்குப் பின்னால் காடு காடாக நடந்திருக்கிறேன். எஞ்சியது நாய் பழக்குபவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தது. இந்தியாவில் இன்றுள்ள வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய வேட்டைக்கு இடமில்லை என்பதால், நான் சொல்வதெல்லாம் வேறொரு மண்ணின் வழக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேட்டைநாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை சிப்பிப்பாறையும் கன்னியும். அவை கண்ணால் கண்டு, விரட்டி, முயலைத் தாமே பிடித்துவிடும் நாய்கள். அவிழ்த்துவிட்ட பிறகு மனிதனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பறவை நாயின் நிலைமை முற்றிலும் வேறு. பறவைக்குச் சிறகு உண்டு என்பதால், பாயும் நாய்க்கு எஞ்சுவது வெறும் காற்றுதான். மனிதனுக்கோ மூக்கு இருந்தும் பயன் இல்லை. பத்தடி தூரத்தில் புல்லுக்குள் பதுங்கியிருக்கும் காடையை அவன் மிதித்தால் ஒழிய அறியமாட்டான். நாய்க்கு அது இருக்கும் இடம் தெரியும், ஆனால் பிடிக்க முடியாது. மனிதனால் வீழ்த்த முடியும், ஆனால் இடம் தெரியாது. இந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்ட இடத்தில்தான் நீங்கள் கேட்கும் உறவு தொடங்குகிறது.

துப்பாக்கி வருவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் வலை வீசிக் கௌதாரி பிடித்த காலத்தில், பறவையின் வாடை கிடைத்ததும் நாய் மெல்லத் தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஆட்கள் பின்னாலிருந்து வலையை இழுத்துவந்து, நாயையும் தாண்டிப் பறவைக் கூட்டத்தின் மேல் போடுவார்கள். செட்டர் என்ற இனப்பெயரே அந்தப் படுத்தலிலிருந்து வந்தது. வலையின் இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்ட பிறகு, படுக்கும் நாயைவிட நின்று காட்டும் நாய் உயர்ந்த புல்லில் நன்றாகத் தெரியும் என்பதால், பாயின்டர் வகைக்கு மதிப்பு கூடியது. மூக்கை வாடை வரும் திசையில் நீட்டி, வாலை விறைத்து, சில வேளை ஒரு முன்காலை மடக்கித் தூக்கி, அசையாமல் நிற்கும் அந்த நிலையைப் பாயின்ட் என்கிறார்கள். ஸ்பானியல்கள் நிற்பதில்லை, அவை புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பிவிடுபவை. அவற்றுள் காக்கர் என்ற பெயர், ஆங்கிலத்தில் உட்காக் எனப்படும் காட்டு உள்ளானை அவை கிளப்பியதால் வந்தது. ரெட்ரீவர்கள் விழுந்த பறவையைக் கவ்விக் கொண்டுவருபவை. நம் நகரத்து அடுக்ககங்களில் விருந்தாளியின் செருப்பை வாயில் ஏந்தி வரவேற்கும் லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1868இல் ஸ்காட்லாந்தின் கிசகன் பண்ணையில் பிறந்த மஞ்சள் குட்டிகளிலிருந்து கோல்டன் இனம் வளர்ந்தது. கவ்விய பொருளைப் பல் படாமல் தூக்கிவரும் அந்த மென்வாய், வாத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது, செருப்புக்காக அன்று.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஓநாயின் வேட்டையை விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் படிகளாகப் பிரிப்பார்கள்: இரையை உணர்வது, உற்று நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, தின்பது. மனிதன் பல தலைமுறைகளாகச் செய்த தேர்வு, இந்தத் தொடரை ஒவ்வோர் இனத்திலும் வெவ்வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறது. பாயின்டர், பாய்வதற்கு முந்திய அந்த ஒரு நொடி தயக்கத்தைப் பல நிமிடங்களாக நீட்டிவிட்ட நாய். ரெட்ரீவர், கவ்வுதல் வரை வந்து கொல்லாமல் நின்றுவிடும் நாய். எட்டு வாரக் குட்டியின் முன்னால் ஒரு கோலில் கட்டிய சிறகை ஆட்டினால், யாரும் சொல்லித்தராமலே அது உறைந்து நிற்பதைப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், குட்டி மட்டும் சிரிக்காது. ஆனால் பிறவியில் கிடைப்பது அந்தத் தயக்கம் மட்டுமே. மனிதன் வந்து சேரும்வரை, பறவை எழும்பும்போதும், வெடி வெடிக்கும்போதும், ஏன், பறவை கண்ணெதிரே விழும்போதும்கூட அசையாமல் நிற்பது பிறவிக் குணம் அன்று. அது அந்த நாய் இன்னொருவருக்காக அடக்கிக்கொள்ளும் ஆசை. தன் வேட்டையின் கடைசிப் படிகளை, அதாவது தனக்கு மிகவும் பிடித்த படிகளை, அது விட்டுக்கொடுக்கிறது. முதல் கேள்விக்கு நான் தரும் விடையின் ஒரு பாதி இதுதான்.

மறுபாதி மனிதன் விட்டுக்கொடுப்பது. அதைப் புரிந்துகொள்ள ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். வடக்கு மினசோட்டாவில் ரஃப்டு கிரவுஸ் என்ற காட்டுக்கோழியையும் காட்டு உள்ளானையும் தேடிப் போகும் இடம் திறந்த வயல் அன்று. வெட்டப்பட்டு மீண்டும் நெருக்கமாகத் துளிர்த்த ஆஸ்பென் மரக்கன்றுகளும், ஈரமான தாழ்நிலங்களில் ஆல்டர் புதர்களும் மண்டிய இடம். இருபது அடிக்கு அப்பால் நாய் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதன் கழுத்தில் ஒரு மணி கட்டியிருப்பார்கள். இப்போது செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டைகள் வந்துவிட்டன. என் நண்பர் மணியையே விரும்பினார். மணி ஒலித்துக்கொண்டே இருக்கும், நெருங்கும், விலகும், இடப்பக்கம் போகும், மேடேறும். நாம் பேசிக்கொண்டு பின்னால் நடப்போம். திடீரென்று மணி நின்றுவிடும். அந்த மௌனம்தான் செய்தி. அந்த நொடியில் அறுபது வயதைக் கடந்த அந்த மனிதரின் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, முள்ளும் கிளையும் முகத்தில் அடிக்க, ஒலி நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு விரைவார். அங்கே எங்கோ ஒரு நாய், நான்கு கால்களும் நடுங்க, அவர் வருவார் என்ற ஒன்றை மட்டும் நம்பி நின்றுகொண்டிருக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நாய் நிற்கிறது, அதன் மூக்குக்கு முன்னால் இருப்பவை காய்ந்த இலைகள். காட்டு உள்ளானின் நிறமும் அந்த இலைகளின் நிறமும் ஒன்றே. பறவை இருக்கிறதா இல்லையா என்று சரிபார்க்க மனிதனிடம் எந்த வழியும் இல்லை. அவன் நாயை நம்பி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க வேட்டைக்காரர்கள் புதியவர்களுக்கு ஓயாமல் சொல்லும் ஒரே அறிவுரை "உன் நாயை நம்பு" என்பது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் மனிதனுக்கு அது கசப்பான பாடம். பறவை இந்தப் புதரில் இருக்காது என்று முடிவு செய்து நாயை அதட்டி அழைத்துக்கொண்டு நான்கடி நடந்ததும், முதுகுக்குப் பின்னால் அந்தப் புதரிலிருந்தே பறவை எழும்பிப் போகும் அவமானத்தை ஒருமுறையாவது படாத வேட்டைக்காரர் இல்லை. சுடப்பட்ட பறவை விழுந்த இடம் எனக்குத் தெரியும் என்று அடம்பிடித்து ஒரு பக்கம் தேடிக்கொண்டிருக்க, நாய் எதிர்ப்பக்கம் ஓடி, காயம்பட்டு ஓடிய ஃபெசன்ட் கோழியை நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து உயிரோடு கவ்விக்கொண்டு வருவதும் அப்படித்தான். வாழ்நாள் முழுதும் கட்டளையிட்டே பழகிய ஒருவர், அந்தச் சில நிமிடங்களில், ஒரு விலங்குக்குத் தன்னைவிட அதிகம் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறார். வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு, தம் நாய் தமக்குக் கற்பிக்கும் பேராசிரியரைப் போலப் பொறுமை காட்டுவதாகப் பாதி வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்த வேடிக்கையின் மறுபாதி உண்மை என்றே நான் நினைக்கிறேன்.

நாய்க்குத் தெரிவது எவ்வளவு என்பதை அளந்து சொல்வது கடினம். எப்படித் தெரிகிறது என்பதைச் சிறிது சொல்லலாம். நாய் மூச்சை வெளியே விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாடை கலைவதில்லை. மேலும், வாடை பறவையிடமிருந்து காற்று வீசும் திசையில் விரிந்துகொண்டே போகும் ஒரு கூம்பு போன்றது. அனுபவமுள்ள நாய் காற்றுக்குக் குறுக்காக இடமும் வலமும் ஓடி, அந்தக் கூம்பின் விளிம்பை வெட்டியதும் சட்டென்று தலையைத் திருப்பும். குளிர்ந்த, சற்றே ஈரமான, மெல்லக் காற்றடிக்கும் காலை நல்லது; காய்ந்த வெயில் பகல் கெட்டது. இதையெல்லாம் வேட்டைக்காரர் நாயைப் பார்த்தே கற்கிறார். சில ஆண்டுகளில் வாலின் அசைவு ஒன்றே போதும்: இது முயல், இது நேற்று இருந்த பறவை, இது இப்போது இருக்கும் பறவை என்று அவர் சொல்லிவிடுவார். மணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்கள் அடுத்த அறையில் பாத்திரம் வைக்கும் ஓசையிலேயே மனநிலையை அறிந்துகொள்வதைப் போன்றது அது.

இந்த நம்பிக்கை இருபக்கமும் உடையக்கூடியது என்பதுதான் இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாமல் செய்கிறது. பழக்குபவர்கள் மிகவும் அஞ்சும் ஒரு குறை உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் கண்சிமிட்டுதல் என்ற பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பறவையின் வாடை தெளிவாகக் கிடைத்திருக்கும். ஆனாலும் கிடைக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். அறியாமையால் அன்று, அறிந்தே. பறவைக்கு அருகில் இருந்தபோது அடி வாங்கியிருக்கும், அல்லது தாங்க முடியாத கடுமையோடு திருத்தப்பட்டிருக்கும். பறவை இருக்கும் இடத்தில் வலியும் இருக்கிறது என்று அது முடிவு செய்துவிட்டது. துப்பாக்கி வெடிக்கு அஞ்சி நடுங்கி ஓடும் குறையும் பெரும்பாலும் மனிதர்கள் உண்டாக்கியதே. குட்டி ஒரு பறவையைத் துரத்தும் மகிழ்ச்சியில் தன்னை மறந்திருக்கும்போது தொலைவில் ஒரு சிறு வெடி, பிறகு நாட்கள் கழித்துச் சற்று அருகில், என்று பொறுமையாகப் பழக்கினால் வெடியோசை மகிழ்ச்சியின் அறிகுறியாகிவிடும். "பார்க்கலாம், பயப்படுகிறதா" என்று காதருகில் சுட்டுப் பார்க்கும் அவசரக்காரர்கள் ஒரு நொடியில் பல ஆண்டு வேட்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் அது பரவலாகப் பயன்படுகிறது. வேல்ஸ் நாட்டில் 2010 முதல் தடை. அளவறிந்து பயன்படுத்தும் நல்ல பழக்குநர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும், தன் கோபத்தை அடக்கத் தெரியாதவன் கையில் அந்தப் பொத்தானைக் கொடுப்பதைவிட அவனுக்கு நாயே கொடுக்காமலிருப்பது மேல் என்பதே என் கருத்து.

நட்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் மறைந்துபோகும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் தாமஸ்வில்லுக்கும் புளோரிடாவின் டலஹாசிக்கும் இடையிலுள்ள ரெட் ஹில்ஸ் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வடமாநிலச் செல்வர்கள் பெரும் பண்ணைகளை வாங்கிக் காடை வேட்டைக்கென்று வைத்துக்கொண்டார்கள். கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியில் நாய்களை ஏற்றி, விருந்தினர் குதிரைமேல் பின்தொடர, இரண்டிரண்டு நாய்களாக அவிழ்த்துவிடுவார்கள். உரிமையாளர் குளிர்காலத்தில் சில வாரங்கள் வருவார். ஆண்டு முழுதும் அந்த நாய்களுக்குச் சோறு போட்டவர்களும், காலில் தைத்த முள்ளை எடுத்தவர்களும், பழக்கியவர்களும் அங்கே வேலை செய்த ஆட்கள். அவர்களில் மிகப் பலர் கறுப்பினத்தவர். போட்டியில் வென்ற வெள்ளிக் கோப்பையின்மேல் பெயர் யாருடையதாயிருந்தாலும், நாய் கேட்ட குரல் யாருடையது என்பதில் நாய்க்குக் குழப்பம் இருந்ததில்லை. டென்னசியின் கிராண்ட் ஜங்ஷன் ஊருக்கு அருகிலுள்ள ஏம்ஸ் பண்ணையில் நெடுங்காலமாக நடந்துவந்த தேசியப் பறவைநாய்ப் போட்டி 1896இல் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றும் மூன்று மணி நேரம், நடுவர்கள் குதிரைமேல். அதிலும் உரிமையாளர் ஒருவர், களத்தில் நாயை நடத்துபவர் ஒருவர். அந்த ஊரில் பறவைநாய்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் புகழ்க்கூடமும் இருக்கின்றன. சிறந்த மனிதர்களோடு சிறந்த நாய்களும் அங்கே தேர்ந்தெடுத்துப் போற்றப்படுகின்றன. நாய்க்குப் பக்கத்தில் இடம்பெறத் தகுதி வேண்டும் என்று மனிதர்கள் ஒப்புக்கொண்ட இடம் என்ற வகையில் எனக்கு அது பிடித்திருக்கிறது. விலை கொடுத்ததனால் மட்டும் உறவு வந்துவிடாது என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டும் உண்டு: குமாவுன் மலைகளில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 15 ரூபாய்க்கு வாங்கிய ராபின் என்ற ஸ்பானியல், யாரும் விரும்பாத சவலைக் குட்டியாக வந்து, பறவைகளில் தொடங்கி, பின்னர் சிறுத்தையின் தடம் தேடிப் போகும்போதும் அவருக்கு முன்னால் நடந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொலையில் பிறக்கும் நட்பு நட்பாகுமா? பறவையின் பக்கம் நின்று பார்த்தால் இந்த உறவில் போற்றுவதற்கு ஒன்றும் இல்லை; அதை மழுப்பக் கூடாது. அந்தப் பறவையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி, வேட்டை சரியா என்ற கேள்வியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. நெடுங்காலம் நாயோடு நடந்த வேட்டைக்காரர்களிடம் ஒரு மாற்றத்தைக் காணலாம்: எத்தனை பறவை கிடைத்தது என்ற கணக்கு மெல்ல மங்கி, நாய் எப்படி வேலை செய்தது என்ற பேச்சு வளர்கிறது. நாய் நின்று காட்டாமல் தானே எழும்பிய பறவையைச் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டவர்கள் பலர். அப்படிச் சுட்டால் நாய் தன் பங்கைச் சரியாகச் செய்யாமலே பரிசு கிடைக்கும் என்று கற்றுவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நாயில்லாமல் கிடைத்த பறவையில் தமக்கு ஒன்றுமில்லை என்பது சொல்லப்படாத காரணம். தேடித் தரும் நாய் இருந்தால் அடிபட்ட பறவை புதருக்குள் கிடந்து சாவதும் பெரிதும் குறைகிறது. இது வேட்டையை நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; நாய் உடனிருக்கும்போது கொலையின் அளவும் மனநிலையும் மாறுகின்றன என்று மட்டுமே சொல்கிறேன்.

பறவை இல்லாவிட்டால் இந்த நட்பும் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பாப்வைட் காடை, ஏறத்தாழ ஒரு டஜன் பறவைகள் இரவில் வால்களை உள்ளே வைத்துத் தலைகளை வெளியே வைத்து வட்டமாக உறங்கும் அந்தச் சிறு பறவை, கடந்த அறுபது ஆண்டுகளில் பெரும்பாலான இடங்களில் மிகக் குறைந்துவிட்டது. துப்பாக்கியைவிட, வேலியோரப் புதர்களை அழித்த விவசாயமும், புல்வெளிக்கு அவ்வப்போது தேவையான தீ இல்லாமற்போனதும் அதற்குப் பெரிய காரணங்கள். கூண்டில் வளர்த்த காடைகளை விட்டு நாய்களைப் பழக்குகிறவர்கள் இன்று மிகுதி. அவை சரியாகப் பறக்காது. பாய்ந்தால் பிடித்துவிடலாம் என்று நாய் ஒருமுறை கண்டுகொண்டால், நின்று காத்திருப்பதற்கு அதற்குக் காரணம் இல்லாமற் போகிறது.

களத்தில் யார் யாரைக் காக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பறவை வாடை மூக்கில் இருக்கும்வரை நாய்க்குக் களைப்பும் தாகமும் வெயிலும் தெரியாது; பருவத்தின் தொடக்க நாட்களில் வெயில் கடுமையாயிருந்தால் ஓடி ஓடியே சுருண்டு விழுந்து இறக்கும் நாய்கள் உண்டு. போதும் என்று சொல்ல வேண்டியவர் மனிதர். தண்ணீர்ப் பையில் பாதி நாய்க்கு என்பது எழுதாத சட்டம். முள்ளம்பன்றியிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்த நாயின் உதட்டிலிருந்து என் நண்பர் குறடால் முள் பிடுங்கியபோது, தலையைப் பிடித்துக்கொண்டது நான். அது முனகியது, கடிக்கவில்லை. கடைசி முள் வந்ததும் அவர் கையை நக்கிவிட்டு மீண்டும் புதரைப் பார்த்தது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914இல் கிடைத்த, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையான புதைகுழியில் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் அருகே ஒரு நாய்க்குட்டி இருந்தது. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது கடும் நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்க வேண்டும் என்றும், மனிதர் பராமரிக்காமல் அத்தனை நாள் உயிரோடு இருந்திருக்க முடியாது என்றும் கருதுகிறார்கள். வேட்டைக்குப் பயன்படாத நோய்க்குட்டியை ஏன் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வியை, கருவியா நட்பா என்று கேட்கிறவர்கள் சிறிது நேரம் மனத்தில் வைத்துப் பார்க்கலாம். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதன் மனிதரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது, தாயையும் சேயையும் பிணைக்கும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு இருவரிடமும் கூடுவதைக் காட்டினார்கள். வேட்டைநாய்களுக்கென்று செய்த ஆய்வு அன்று அது. ஆயினும் பொருந்தாது என்று நினைக்கக் காரணமில்லை.

கணக்கின் கொடுமை ஒன்று உண்டு. நல்ல பறவைநாய் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு வாழலாம். முதல் இரண்டு கற்பதில் போகும், கடைசி இரண்டு மூன்று மூட்டு வலியில் போகும். ஆகவே ஒரு வேட்டைக்காரர் தம் வாழ்வை நாய்களால் எண்ணுகிறார்: இது என் இரண்டாம் நாயின் காலத்தில் நடந்தது என்பார். அறுபது வயதில் குட்டி வாங்குகிறவர், இதுதான் கடைசி என்று தமக்குத் தெரிந்தே வாங்குகிறார். காது கேட்காமல் போன கிழநாயை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவது குறைவு. இளைய நாயைக் காரில் அடைத்துவிட்டு, பறவை நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த ஒரு சிறு புதருக்குக் கிழநாயைத் தனியாக அழைத்துச் செல்வார்கள், அரை மணி நேரம். அது நொண்டிக்கொண்டு போய் நின்று காட்டும். அந்தப் பறவையைத் தவறவிடக் கூடாது என்று அவர்கள் படும் பதற்றம் வேறெப்போதும் வராது.

இனி, கடைசிக்கு வைத்த மூன்றாவது கேள்வி. ஆம், பல பறவைநாய்கள் துப்பாக்கி வைத்திருக்கும் யாரோடும் போய்விடும். நேர்மையான வேட்டைக்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். நாய்க்கு முதல் காதல் பறவைமேல்தான், மனிதர் அடுத்தே. ஆனால் நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நட்புதான். கவனிக்க வேண்டியது நாய் போகிறதா என்பதை அன்று; போன பிறகு திரும்பிப் பார்க்கிறதா என்பதை. நல்ல நாய் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, கூப்பிடாமலே, மேட்டில் ஏறியோ வளைந்து வந்தோ தன் மனிதர் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் ஓடும். அந்நியரோடு போகும்போது பெரும்பாலும் அந்தப் பார்வை குறைந்துவிடுகிறது, அல்லது அதில் வேறொன்று கலந்துவிடுகிறது.

ஓர் அக்டோபரில் என் நண்பருக்கு முழங்காலில் அறுவை நடந்திருந்தது. நாய் வாசற்கதவருகே படுத்துக்கொண்டு உண்ண மறுத்ததால், அதைக் காட்டுக்குக் கொஞ்சம் அழைத்துப் போகும்படி என்னிடம் கேட்டார். மணியைக் கட்டி, வெறுங்கையோடு அழைத்துப் போனேன். மகிழ்ச்சியாகவே வந்தது. பத்தாவது நிமிடத்தில் மணி நின்றது, தேடிப் போனேன், நின்றுகொண்டிருந்தது. நான் முன்னால் நடந்ததும் காட்டு உள்ளான் ஒன்று சிறகு விசிலடிக்க எழும்பி மரங்களுக்கு மேலே போயிற்று. ஒன்றும் வெடிக்கவில்லை. நாய் வானத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. இரண்டாவது பறவைக்கும் அப்படியே. மூன்றாவது பறவை கிரவுஸ், மிக அருகில், யாரும் தவறவிட முடியாத தூரத்தில் எழும்பியது. அது போன திசையை நாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, கார் நின்ற பக்கமாக நடக்கத் தொடங்கியது. ஒரு நாயின் ஒரு நாள் நடத்தையிலிருந்து பொதுவிதி எதையும் பெற முடியாது என்பது எனக்குத் தெரியும். வேறு நாயாக இருந்தால் இருட்டும்வரை தேடிக்கொண்டிருந்திருக்கவும் கூடும். வீட்டுக்கு வந்ததும், எத்தனை பறவை என்று நண்பர் கேட்டார். மூன்று, மூன்றையும் நின்று காட்டியது என்றேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடக்கக் கூடாத காலை நீட்டிவைத்தபடி தரையில் உட்கார்ந்து, கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து, என் சார்பில் அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்டார்.